பின்வரிசைக்குக் கேட்கவில்லை

உடுத்துவான். உடுத்தாமல் எங்கே போவான். கோவிலின் கடைசி பெஞ்சில், மணிக்கூண்டுக்கு நேர் கீழே, விதவைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்திருந்த துணி வெளுக்கிறவள் தாமசின், வந்த நேரத்திலிருந்து பீடத்துக்குப் பக்கத்துச் சின்னக் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருக்கும் அறையில்தான் போதகர் ஜெர்விஸ் இருக்கிறான். அவனுக்கு எதிரே ஆணியில் வெள்ளை அங்கி தொங்குகிறது. தாமசின் தைத்தது, தாமசின் வெளுத்தது, நேற்றுச் சாயங்காலம் தாமசினே கொண்டுபோய் இரண்டு தோளும் சமமாக விழும்படி மாட்டிவிட்டு வந்தது. முன்னால், ஒரே ஒரு நாற்காலியில், பிஷப் அனுப்பிய அதிகாரி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் வந்ததே அந்த அங்கிக்காகத்தான். ஆராதனை நடத்துகிறவர் வெள்ளை அங்கி உடுத்தித்தான் நடத்த வேண்டும் என்பது அரசியின் கட்டளை. ஜெர்விஸுக்கோ அது பழைய பூசையின் மிச்சம், போப்பின் கந்தல், உடம்பில் பட்டாலே மனசாட்சி வெந்துபோகும். இரண்டு தடவை சாக்குச் சொல்லித் தப்பித்தான். முதல் தடவை அங்கியை எலி கடித்துவிட்டது. இரண்டாம் தடவை அங்கி வெளுப்புக்குப் போயிருக்கிறது. மூன்றாம் தடவைக்குச் சாக்கு இல்லையே போதகரே, என்று தாமசின் மனசுக்குள் சொன்னாள். இது புது அங்கி, எலி கடிக்கவில்லை. வெளுப்புக்குப் போனது திரும்பி வந்துவிட்டது. உடுத்தாவிட்டால் வேலை போகும், வீடு போகும், ஏழு மாத வயிற்றோடு பெண்டாட்டி தெருவில் நிற்பாள். உடுத்துவான். ஊரே பார்க்க வெள்ளையை உடுத்திக்கொண்டு வந்து நிற்பான். அதைப் பார்க்கத்தான் அவள் இன்றைக்குக் காலையிலேயே வந்து இடம் பிடித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாவிஸ் முழங்கையால் இடித்தாள். ஹாவிஸுக்குக் காது மந்தம், அதனால் ரகசியம் பேசினாலும் நாலு பெஞ்சுக்குக் கேட்கும். "என்னடி, இன்னும் பூசை ஆரம்பிக்கலையா?" தாமசின் அவள் காதுக்குள் குனிந்து, "பூசைன்னு சொல்லாதடி, ஆராதனை" என்றாள். "எல்லாம் ஒண்ணுதான் போ" என்றாள் ஹாவிஸ். ஒன்றாவது! இந்த ஒரு கோவிலுக்குள் தாமசின் எத்தனை தடவை ஞானஸ்நானம் வாங்காமலே மதம் மாறியிருக்கிறாள். அவளுக்கு ஆறு வயதில் மூத்த ராஜா போப்போடு சண்டை போட்டார், அதற்காக இங்கே புனிதர்களின் சுரூபச் சிலைகளுக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தி அணைந்தது. அப்புறம் பையன் ராஜா வந்தார், சுரூபங்களே போயின, சுவரிலிருந்த புனிதர்கள்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். அப்புறம் அக்காள் ராணி வந்தாள், சுண்ணாம்பைச் சுரண்டு என்றார்கள். சுரண்டி முடிப்பதற்குள் அவள் செத்துத் தங்கை ராணி வந்தாள், திரும்ப அடி என்றார்கள். அடித்தது இதுவரைக்கும் ஒழுங்காக ஒட்டவில்லை. மழை பெய்தால் வடக்குச் சுவரில் எழுதியிருந்த புனித கிறிஸ்தோபரின் ஒரு பாதம் மட்டும், கணுக்கால் வரைக்கும், சிவப்பாகத் தெரியும். இன்றைக்கும் தெரிகிறது. இத்தனைக்கும் நடுவில் பழைய ரால்ஃப் சாமி நாலு ராஜாங்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டு, எந்தப் புத்தகம் கொடுத்தார்களோ அதை வாசித்துக்கொண்டு, யாரையும் நோகடிக்காமல் செத்துப்போனார். அவரைச் சாமி என்று கூப்பிட்டுப் பழகிய வாயால் ஜெர்விஸையும் சாமி என்று கூப்பிட்டபோது, "நான் சாமி இல்லை, பாவியான மனுஷன், போதகர்னு சொல்லு" என்றான். சரி என்றார்கள். பாவியான மனுஷன் என்பது அவன் வாய்ப்பேச்சு என்று அப்போது யாருக்குத் தெரியும். பாவி எல்லாம் எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள் அவனுக்கு.

தலைக்குமேல் கயிறு. தாமசின் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்க்காமலே தெரியும். பெரிய மணியின் கயிறு கூண்டுப் பலகையிலிருந்த ஓட்டை வழியாக இறங்கி வருகிறது, கீழே விழாதபடி உயரத்தில் ஒரு கொக்கியில் சுருட்டி மாட்டியிருக்கிறது. முன்பெல்லாம் தரைவரைக்கும் தொங்கும். கை பிடிக்கிற இடத்தில் ஒரு கம்பளித் துண்டு சுற்றியிருக்கிறது, அதைச் சுற்றியவள் தாமசின், கை காய்த்துப்போகிறது என்று சொன்னவன் பியர்ஸ். அவள் புருஷன் பியர்ஸ் இருபத்தைந்து வருஷம் இந்த ஊருக்கு மணியடித்தவன். ஆள் பேச மாட்டான். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட உப்பைப் பார்ப்பான், அவ்வளவுதான். ஆனால் எவராவது செத்தால் அவன் இங்கே வந்து கயிற்றைப் பிடித்து, ஆணென்றால் மூன்று மூன்றாக ஒன்பது அடி, பெண்ணென்றால் மூன்று இரண்டாக ஆறு, அதற்கப்புறம் செத்தவரின் வயசுக்கு ஒவ்வொன்று என்று நிதானமாக அடிப்பான். வயலில் நிற்கிறவர்கள் எண்ணுவார்கள். எண்ணி முடித்து, யார் என்று சொல்லிவிடுவார்கள். "மணிச்சத்தம் கேக்குற வரைக்கும் ஆத்துமாவுக்கு வழி தெரியும்" என்று ஒரு நாள் சொன்னான், அவன் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான். அப்பேர்ப்பட்டவன் போன வருஷத்துக்கு முந்தின மார்ச் மாதம் வெள்ளத்தில், மில் மதகில் சிக்கிய மரக்கிளையை எடுக்கப்போய், வழுக்கி, உள்ளே போய்விட்டான். ஐம்பத்தொரு வயது. பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவனுக்குப் பூசுகிற எண்ணெய் பூசவில்லை, ஒரு வாய் செபம் இல்லை. ஈரத்தோடு கொண்டுவந்து போட்டார்கள். ஜெர்விஸ் வந்து பார்த்தான், நல்ல வார்த்தைதான் சொன்னான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் மணி? புதைப்பதற்கு முன்னால் சின்னதாக ஒன்று, பின்னால் சின்னதாக ஒன்று. சட்டம் அவ்வளவுதான். செத்த ஆத்துமா பாவம் தீரக் காத்துக் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று வேதத்திலேயே இல்லை, அப்புறம் யாருக்கு வழிகாட்ட மணி என்றான். ஊரில் செத்தவன் ஒவ்வொருவனுக்கும் அடித்தவனுக்கு அடிக்க ஆளில்லை. அந்தச் சின்ன மணி பாலைக் கறந்து ஓரமாக வைத்த நேரம்கூட நீடிக்கவில்லை.

வேதத்தில் இல்லையாம். இருக்கட்டும். தாமசினுக்கு வாசிக்கத் தெரியாது, இருக்கிறதா இல்லையா என்று அவள் எப்படிப் பார்ப்பாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ராத்திரியானால் பியர்ஸ் ஈரத்தோடு எங்கேயோ நிற்கிறான், ஒரு திசையும் தெரியாமல் நிற்கிறான் என்பதுதான். நவம்பர் வந்தது. செத்தவர்களுக்காக வேண்டுகிற சகல ஆத்துமாக்கள் திருநாள் என்று ஒன்று முன்பு இருந்தது, இப்போது கிடையாது, ஆனால் தேதி வராமல் இருக்குமா, வந்தது. சாயங்காலம் வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும்போதே அவள் துணி கொடுக்கப் போகிறவள் மாதிரிக் கூடையை எடுத்துக்கொண்டு கோவிலுக்குள் வந்தாள், கூடையை இறக்கி வைத்தாள், கம்பளித் துண்டைப் பிடித்தாள். அவன் கை சூடு இருக்கும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. சில்லென்று இருந்தது. ஒன்பது அடி அடித்தாள். அதற்கப்புறம் வயது. ஒன்று, இரண்டு, மூன்று. அம்மாடி, அந்த மணி என்ன கனம்! பத்தாவது வருஷத்தில் தோள் கழன்றது. பதினேழில் மூச்சு வாங்கியது. இருபது. இருபத்தொன்று. ஊர் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு எண்ணுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, இது பியர்ஸ் என்று எண்ணி முடிக்கும்போது தெரிந்துகொள்வார்கள் என்று தெரிந்தது. இருபத்திரண்டு. இருபத்து மூன்று. அப்போது பின்னாலிருந்து ஜெர்விஸின் கை வந்து கயிற்றைப் பிடித்தது. அவளைத் தொடவில்லை, கயிற்றைத்தான் பிடித்தான். அதோடு நின்றுபோயிற்று. பியர்ஸ் இருபத்து மூன்று வயதில் நின்றுபோனான். இருபத்து நாலில்தான் அவன் தாமசினைக் கட்டினான். அவளுக்கு முந்தின வருஷத்தோடு வெட்டிவிட்டான் பாவி, அவள் இன்னும் அவன் வாழ்க்கைக்குள் வரவே இல்லை. எங்கே நிற்கிறானோ அங்கே, கல்யாணம் ஆகாதவனாக, அவளை யாரென்று தெரியாதவனாக நிற்கிறான்.

"இன்னும் வரலையே" என்றாள் ஹாவிஸ். "வருவான்டி." அதிகாரி நாற்காலியில் அசைந்தார். கோவில் நிர்வாகி ஆம்ப்ரோஸ், மில்காரன், வாசலுக்கும் கதவுக்குமாக இரண்டு தடவை நடந்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். இவன்தான் அன்றைக்கு அவள்மேல் புகார் எழுதிக்கொடுத்தவன், ஜெர்விஸ் சொல்ல, இவன் எழுத. பிஷப்பின் கோர்ட்டிலிருந்து தண்டனை வந்தது: மூன்று ஞாயிற்றுக்கிழமை, வெறுங்காலோடு, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கையில் வெள்ளைக் கோலோடு கோவில் நடுவில் நிற்க வேண்டும். நின்று, எழுதிக்கொடுத்ததைச் சொல்ல வேண்டும். விபசாரம் பண்ணினவளுக்குக் கொடுக்கிற அதே துப்பட்டி. கோவில் பெட்டியில் ஒன்றுதான் இருந்தது, எல்லாப் பாவத்துக்கும் அது ஒன்றுதான். அதையும் வெளுத்துக்கொடுக்கிறவள் யார்? கோவில் துணி வெளுக்கிறவள் தாமசின். தான் நிற்கப்போகிற துப்பட்டியைத் தானே சாம்பல் தண்ணியில் ஊறப்போட்டு, கட்டையால் அடித்து, புல்லில் விரித்து, காயவைத்து, மடித்து, கொண்டுவந்து ஆம்ப்ரோஸ் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, "நல்லா வெளுத்திருக்கே" என்றான். அவனுக்கு வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை. நல்லா வெளுத்திருக்கே! அந்த வார்த்தையை அவள் ஒரு வருஷமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாள்.

ஆனால் அதெல்லாம் பெரிதில்லை. கால் குளிர்ந்தது பெரிதில்லை, பிள்ளைகள் சிரித்தது பெரிதில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னதுதான். "செத்தவர்களுக்கு மணியால் ஒரு பிரயோசனமும் இல்லை. என் புருஷனுக்கு என் செபம் வேண்டியதில்லை. நான் அறியாமையால் தப்புப் பண்ணினேன்." இவ்வளவுதான், மூன்று வரி. சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டால் சபையை விட்டுத் தள்ளிவைப்பார்கள், கோவில் துணி போகும், கோவில் துணி போனால் ஊர்த் துணியும் போகும், அவளைத் தண்ணீர்த் துறைப்பக்கம்கூட அண்டவிட மாட்டார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்வாள். அதனால் சொன்னாள். உதட்டுக்குள்ளே, தனக்கே கேட்காதபடி சொன்னாள். அப்படிச் சொன்னால் பியர்ஸுக்குக் கேட்காது என்று நினைத்தாள். அப்போதுதான் ஜெர்விஸ், கோபமில்லாமல், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறவன் குரலில், "பின்வரிசைக்குக் கேட்கல. சத்தமா" என்றான். சத்தமா. இரண்டாம் தடவை சொன்னாள். "இன்னும் கொஞ்சம் சத்தமா." மூன்றாம் தடவை அவள் கத்தினாள். என் புருஷனுக்கு என் செபம் வேண்டியதில்லை என்று கூரைக்கு எட்டும்படி கத்தினாள், மேலே மணி அதைக் கேட்டுக்கொண்டு சும்மா தொங்கியது. அடுத்த ஞாயிறும் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னாள். முதல் தடவைதான் கஷ்டம், மற்ற இரண்டும் சுலபமாக வந்தது, அந்தச் சுலபத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் ஒரு முடிவு பண்ணினாள். இவனையும் ஒரு நாள் நிறுத்த வேண்டும். இதே இடத்தில், இதே மாதிரி, வயிற்றுக்குப் பயந்து, நம்பாததைச் செய்யவைத்து, வெள்ளைத் துணியில் நிறுத்த வேண்டும். அப்போது நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அவன் வாயைத் திறந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொல்வேன்.

அந்த நாளை அவள் தேடிப் போகவில்லை, அது தானாக வீட்டு வாசலுக்கு வந்தது. மூன்று வாரம் முன்னால் ஆம்ப்ரோஸ் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். "தாமசின், தாயே, நீதான் காப்பாத்தணும். அதிகாரி வராராம். பழைய அங்கியை எலி சல்லடையாக்கிடுச்சு, இந்தத் தடவை அங்கி இல்லேன்னா எனக்குத்தான் தலை போகும், நிர்வாகி நான்தானே." புதுத்துணி வாங்க நேரமில்லை. பெட்டியில் வேறு என்ன இருக்கிறது? ஆம்ப்ரோஸ் அவள் முகத்தைப் பார்க்காமல், "அந்தத் துப்பட்டிதான் இருக்கு. நல்ல கனத்த துணி. வெட்டித் தைச்சா யாருக்குத் தெரியப்போகுது" என்றான். தாமசினுக்கு ஒரு கணம் காது அடைத்தது. அப்புறம் சிரிப்பு வந்தது, வாயை மூடிக்கொண்டாள். "கொண்டா" என்றாள். துப்பட்டி வந்தது. ஓரத்தில், வெளுக்கிறவள் அடையாளத்துக்குப் போடுகிற சிவப்பு நூல் தையல், அவள் போட்டது, அப்படியே இருந்தது. வெட்டினாள். அவள் தோளில் கிடந்த இடம் அவன் தோளுக்கு வந்தது. அவள் கையால் இறுக்கிப் பிடித்து மார்பை மூடிய இடம் அவன் கழுத்துக்கு வந்தது. தைக்கும்போது அவள் பாடினாள், பியர்ஸ் போனதிலிருந்து பாடாதவள். சிவப்புத் தையலை மட்டும் பிரிக்கவில்லை, விளிம்பில், உள்பக்கமாக, அப்படியே விட்டாள். அவனுக்குத் தெரிய வேண்டாம். அவளுக்குத் தெரிந்தால் போதும்.

வெளுப்பிலும் அவள் குறை வைக்கவில்லை. நாலு தரம் சாம்பல் தண்ணி, நாலு தரம் அலசல், விரல் வெடித்து ரத்தம் கசிந்தால் அந்தக் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு மற்றக் கையால் பிழிந்தாள். புல்லில் விரித்துத் தண்ணீர் தெளித்து, காயவிட்டு, மறுபடி தெளித்து. கண் கூசுகிற வெள்ளை வர வேண்டும், அவன் எங்கே நின்றாலும் தெரிய வேண்டும். முந்தாநாள் மத்தியானம் அங்கி புல்லில் கிடக்கும்போதுதான் ஜெர்விஸின் பெண்டாட்டி பிரிசில்லா வந்தாள். குருவானவருக்குப் பெண்டாட்டி என்ற ஒன்று இந்த ஊருக்கே புதுசு, அவளை என்னவென்று கூப்பிடுவது என்று இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை, அதனால் எல்லோரும் கூப்பிடாமலே பேசுவார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிவில் இறங்கி வந்து நின்றாள். "தாமசின் அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." "கேளுங்க." "இந்த அங்கி... ஏதாவது ஆயிட்டா? ஆத்தோட போயிட்டா? கஞ்சிபோட்டுத் தேய்க்கும்போது கருகிட்டா? இந்த ஒரு தடவை. அதுக்குள்ள பிள்ளை பிறந்துடும், நாங்க வேற இடம் பாத்துக்குவோம்." தாமசின் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். "நான் இருபது வருஷமா வெளுக்கிறேன். என் கையில ஒரு துணி கருகினதில்லம்மா." "அவரு உடுத்த மாட்டாரு." "உடுத்துவாரு." "உங்களுக்கு அவரைத் தெரியாது." "வயித்தைத் தெரியும் எனக்கு" என்றாள் தாமசின். "நானும் சொல்ல மாட்டேன்னுதான் இருந்தேன். சொல்லலையா? நீங்க முன்வரிசையிலதானே உக்காந்திருந்தீங்க." பிரிசில்லாவின் முகம் சிவந்தது. "அன்னைக்கு ராத்திரி நான் அவர்கிட்ட சண்டை போட்டேன்" என்றாள். அப்புறம் திரும்பிச் சரிவில் ஏறிப் போனாள். ஏற முடியாமல் நடுவில் ஒரு தடவை நின்றாள். தாமசின் எழுந்துபோய்க் கை கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம். சண்டை போட்டாளாம். போட்டு என்ன, அடுத்த ஞாயிறும் முன்வரிசையில்தானே உட்கார்ந்தாள்.

இப்போதும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். முதுகு தெரிகிறது. ஆடவில்லை, அசையவில்லை. ஏன் இவ்வளவு நேரம்? ஒரு அங்கியைத் தலைவழியாக மாட்ட எவ்வளவு நேரமாகும்? இப்போது கையை நுழைக்கிறான். இப்போது தலை. துணி முகத்தை மூடும்போது சாம்பல் வாசனை வரும், புல் வாசனை வரும், அவளுக்கும் வந்தது. அந்த ஒரு நொடி உள்ளே வெள்ளையாக இருக்கும், ஒன்றும் தெரியாது, இப்படியே இருந்துவிடலாமா என்று இருக்கும். அப்புறம் தலை வெளியே வந்துவிடும், எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சே, அவனுக்காக இவள் என்னத்துக்கு இதையெல்லாம் நினைக்க வேண்டும். நல்லா வேகட்டும். சத்தமா. பின்வரிசைக்குக் கேட்கல, சத்தமா. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு வருஷமாகத் தினமும் சொல்லிப் பார்த்ததுதான், துணி அடிக்கும்போது, அடுப்பு ஊதும்போது, எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் வழவழவென்று தேய்ந்து வாயில் உட்கார்ந்திருந்தது. "கதவு அசையுதுடி" என்றாள் ஹாவிஸ், எல்லாருக்கும் கேட்கும்படி.

கதவு திறந்தது. ஜெர்விஸ் வெளியே வந்தான். கறுப்பு. கழுத்திலிருந்து கால்வரைக்கும் அவனுடைய பழைய கறுப்பு உடுப்பு. அங்கி அவன் உடம்பில் இல்லை, இடது கையில் மடித்துக் கிடந்தது, அவள் மடிக்கிற மாதிரியே, விளிம்பு உள்ளே போகும்படி. நேரே அதிகாரி முன்னால் போய் நின்றான். முகம் சாம்பலாக இருந்தது. ஏதோ சொன்னான். அதிகாரி காதைச் சாய்த்தார். ஜெர்விஸ் திரும்பவும் ஏதோ சொன்னான், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆம்ப்ரோஸ் கையைப் பிசைந்தான். அப்போது தாமசினின் வாய், அவளைக் கேட்காமலே, ஒரு வருஷமாகத் தேய்த்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டது. "பின்வரிசைக்குக் கேட்கல. சத்தமா." கோவிலே திரும்பிப் பார்த்தது. ஜெர்விஸும் திரும்பினான். தூரத்திலிருந்து, அத்தனை தலைகளுக்கு மேலாக, அவளைப் பார்த்தான். அடையாளம் தெரிந்துகொண்டான், வார்த்தையையும் ஆளையும். தலையை லேசாக ஆட்டினான், நியாயம்தான் என்கிற மாதிரி. மூச்சு இழுத்தான். "நான் இதை உடுத்த மாட்டேன்" என்றான், கூரைக்கு எட்டும்படி. "வேலை போகட்டும். என் மனசு ஒப்பாததை நான் செய்ய மாட்டேன்." அங்கியைக் கொண்டுபோய் அதிகாரியின் முன்னால் மேசையில் வைத்தான். வைத்துவிட்டுத் தெரியாமல் ஒரு சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டான். முன்வரிசையில் பிரிசில்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். அழவில்லை.

அடப்பாவி. அடப்பாவி, அடப்பாவி. தாமசின் ஜெயித்துவிட்டாளே, அவன் வேலை போகப்போகிறது, வீடு போகப்போகிறது, கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. பின் ஏன் நெஞ்சில் மிதித்த மாதிரி இருக்கிறது. அவன் அவளைப் போல ஆகவில்லை. அதுதான். ஒரு வருஷம் அவள் உட்கார்ந்து பின்னிய பின்னலெல்லாம், அவனும் தன்னைப் போல ஆகட்டும் என்பதற்குத்தான், யாராயிருந்தாலும் சொல்லத்தான் சொல்வார்கள், வயிறு என்று ஒன்று இருந்தால் எவனும் சொல்வான் என்று காட்டத்தான். அவன் சொல்லவில்லை. ஏழு மாத வயிறு முன்வரிசையில் இருந்தும் சொல்லவில்லை. அப்படியானால் சொல்லாமல் இருந்திருக்க முடியும். அன்றைக்கு இதே இடத்தில் அவளாலும் முடிந்திருக்கும். இந்த ஊர் ஆற்றில் வெளுக்க விடாவிட்டால் அடுத்த ஊர் ஆறு இருந்திருக்கும். அவள் சொன்னாள். மூன்று ஞாயிறு சொன்னாள். கடைசியில் சுலபமாகச் சொன்னாள். பியர்ஸ் கேட்டுக்கொண்டிருந்திருப்பான். இந்தப் போதகன் அவள் மணியைப் பிடுங்கினான், அவள் வாயைப் பிடுங்கினான், இப்போது அவளுடைய சமாதானத்தையும் பிடுங்கிக்கொண்டு, முகம் வெளிறி நின்றுகொண்டு, ஊர் முன்னால் பெரிய மனுஷனாகிவிட்டான். முதுகெலும்பு இவன் ஒருத்தனுக்குத்தானா? இந்தக் கோவிலில் மற்றவர்களெல்லாம் என்ன, கூழா?

"எங்கடி போற?" என்றாள் ஹாவிஸ். தாமசின் எங்கும் போகவில்லை, பெஞ்சுமேல் ஏறினாள். கால் வழுக்கியது, செருப்பைக் கழற்றிக் கீழே தள்ளினாள், வெறுங்காலோடு பலகையில் நின்றாள். கை நீட்டினால் கொக்கி எட்டியது. கயிற்றைக் கழற்றி விட்டாள், அது சரசரவென்று இறங்கி அவள் தோளில் விழுந்தது. முன்னால் ஆம்ப்ரோஸ், "ஏய், ஏய், யாரது, தாமசின், என்ன பண்றே, மறுபடியும் துப்பட்டி போட்டு நிக்கணுமா உனக்கு" என்று கத்திக்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவில் ஓடிவந்தான். துப்பட்டி! தாமசினுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டி எங்கே இருக்கிறது? அதை வெட்டித்தானே தைத்தாள். மேசைமேல் அங்கியாகக் கிடக்கிறது, சிவப்புத் தையலோடு. இந்த ஊரில் இனி ஒரு பெண்ணை நிறுத்துவதற்குத் துணி கிடையாது. கம்பளித் துண்டை இரண்டு கையாலும் பிடித்தாள். ஜெர்விஸ் தூரத்தில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றைப் பிடிக்க இந்தத் தடவை அவன் வரவில்லை. வந்தாலும் விடுவதாக இல்லை. முழு உடம்பையும் கொடுத்து இழுத்தாள். மேலே பெரிய மணி ஒரு வருஷத்துத் தூக்கத்திலிருந்து புரண்டு, திரும்பி, ஊரெல்லாம் கேட்கும்படி ஒரு அடி அடித்தது.

"இருபத்து நாலு" என்றாள் தாமசின், சத்தமா.